நின்று தேய்ந்த பிரேக்

ஜாக்கியில் நிற்கும் காரின் முன்சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் சித்தார்த்தன், உள்ளிருந்து எடுத்த இரண்டு பிரேக் பேடுகளை டிரைவர் வெற்றிச்செல்வனின் கையில் வைக்கிறான். ஒன்று புதிதுபோலத் தடித்திருக்கிறது. மற்றது இரும்பு தெரியத் தேய்ந்து, இன்னும் சுடுகிறது. ரோட்டுக்கு எதிரே உப்பளத்தில் பட்டுத் தெறிக்கும் மதிய வெயிலில் கண் கூசுகிறது. “வண்டி ரொம்ப ஓடுதாண்ணா?” “எங்கப்பா ஓடுது! மொதலாளி சென்னையில. எப்பவாச்சும் வருவாரு. மத்த நாளெல்லாம் அவரு உப்பளத்துல, உப்புக் குவியல்கிட்டதான் நிக்கும். எப்ப கூப்புடுவாருன்னு தெரியாது, நானும் அதுக்குள்ளயே கெடக்கணும்.” பேடு நகர்ந்து விலக உதவும் இரும்புப் பின்னைச் சித்தார்த்தன் சுத்தியலால் தட்டத் தட்ட, உப்பும் துருவுமாகப் பொடி உதிர்கிறது. “இது ஓடித் தேயலண்ணா. நின்னு நின்னு பூட்டிக்கிச்சு. பிரேக்குலேர்ந்து காலை எடுத்தாலும் உள்பக்கப் பேடு விடாம புடிச்சிக்கிட்டே இருக்குது.” கிரீஸ் தடவி, புதுப் பேடு போட்டு, சக்கரத்தை மாட்டிக் கையால் சுழற்றிவிடுகிறான். “இனிமே அங்க நிறுத்தாதீங்க. வீடு எங்க?” “பெருமுக்கல்.” “கிட்டதான! வேலை இல்லாதப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. அங்க உப்புக் காத்து கெடையாது.” பக்கத்தில் குந்தியிருக்கும் வெற்றிச்செல்வன் தேய்ந்த பேடைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருக்கிறான். சட்டைப் பையில் போன் அடிக்கிறது, முதலாளி. சடாரென்று எழுந்து நின்று எடுக்கிறான். “வண்டிகிட்டயேதாங்க இருக்கேன், எங்கயும் போவல.” சித்தார்த்தன் மறுபடி சுழற்றிவிட்ட சக்கரம் ஜாக்கியின் மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது.