கிலோக் கணக்கு

ரூ லூயி-பிளாங் தெருவிலுள்ள பயண முகவர் கடைக் கண்ணாடியில் ஒட்டிய விமானப் படங்களுக்கிடையே மத்தியான வெயில் நுழைந்து மேசையில் விழுகிறது. முகவர் டிலானி கணினித் திரையைத் திருப்புகிறாள். திரை நிறைய ஒரு வெள்ளைக் கப்பல். மார்செய்யில் ஏறினால் பார்சலோனா, நாப்போலி எல்லாம் காட்டி ஏழாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விடுமாம். உணவகச் சமையல் வேலையிலிருந்து போன மாதம் ஓய்வுபெற்ற யேசுரட்ணம் தொப்பியை மடியில் வைத்து உருட்டுகிறார். "யன்னல் இல்லாத அறை மலிவு அங்கிள்" என்கிறாள் டிலானி. "எங்களுக்கு அது காணும்" என்று அவர் தலையாட்டுகிறார். பக்கத்தில் அவர் மனைவி மரியகொறற்றி, இந்தக் கதிரையில் இருந்தாலே வாயில் வரும் கேள்வியைக் கேட்கிறாள்: "ஆளுக்கு எத்தினை கிலோ, பிள்ளை?" செத்தவீடோ கலியாணவீடோ, விமானமேறி ஊருக்குப் போன ஒவ்வொரு முறையும் இதே கேள்விதான். "கப்பலுக்குக் கிலோக் கணக்கு இல்லை அன்ரி. விரும்பினதைக் கொண்டு போங்கோ." அவள் முகம் மலர்கிறது. தங்கச்சிக்குச் சேலை, மச்சாளுக்குத் தைலம், பெறாமக்களுக்குச் சொக்கிலேற் என்று விரல் மடக்கத் தொடங்கியவள் நாலாவது விரலில் நின்றுவிடுகிறாள். அந்தத் துறைமுகங்களில் அவர்களுக்கு ஒருவருமில்லை.

"அப்ப ஆருக்குக் கொண்டுபோறது?"

"ஒருத்தருக்கும் இல்லை," யேசுரட்ணம் திரையைப் பார்த்தபடியே சொல்கிறார். "இவ்வளவு காலமும் எல்லாருக்கும் சுமை காவினீர். இந்தமுறை வெறுங்கையோடை வாரும்."

மடக்கிய விரல்களை அவள் ஒவ்வொன்றாக விரிக்கிறாள். உள்ளங்கையில் வெயில் விழுகிறது. டிலானியிடம் திரும்புகிறாள். "யன்னல் இருக்கிற அறையாப் போடு பிள்ளை. இவர் முப்பது வருசம் நிலத்துக்குக் கீழை இருந்த குசினியிலை நிண்டவர்."