ஊசி அறையில் ஒரு கொசுவலை

"இது க்ளினிக்கா, சத்திரமா?"

ராஜரத்தினத்தின் குரல் பபேடான் வட்டாரத்துத் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ஊசி போடும் அறைக்கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கட்டிலுக்கு மேல் நீலக் கொசுவலை. மூலையில் ஒரு பெட்டி, ஒரு சின்னச் சோற்றுப் பானை. ஜன்னல் கம்பியில் துவைத்துப் போட்ட லுங்கி.

டாக்டர் கமலாட்சியின் க்ளினிக் இருப்பது பர்மாத் தமிழர் சங்கத்துக் கட்டடத்தில். சங்கத் தலைவர் ராஜரத்தினம். வருஷத்துக்கு ஒருமுறை க்ளினிக் பக்கம் தலைகாட்டுகிறவர், இன்று காலையிலேயே வந்துவிட்டார். பத்து மணிக்குப் பாராட்டு விழா. வாசலில் இரண்டு பேர் ஏணி போட்டு பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள்: 'மருத்துவப் பணியாளர் நம் குடும்பத்தார்.'

"யார் படுக்கை இது?"

"என்னுதுதான் ஐயா," என்றாள் சமீனா.

க்ளினிக்கில் டோக்கன் கொடுப்பவளும் அவள்தான், ஊசி போடுபவளும் அவள்தான். டெங்குக் காலம் தொடங்கியதிலிருந்து, நகரத்தின் எந்த டவுன்ஷிப்பில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், தண்ணீர் டிரம்மை எப்படி மூடி வைப்பது என்று தினமும் தமிழில் பேசிப் பதிந்து, போனில் சங்கத்து வைபர் குழுவுக்கு அனுப்புகிறவளும் அவள்தான்.

டாக்டர் அதைச் சொன்னதும் ராஜரத்தினம் ஒரு நிமிஷம் இறங்கி வந்தார்.

"ஓ, அந்தக் குரல் நீதானா? நல்லா பேசுறம்மா. இன்சீன் டவுன்ஷிப்ல பதினோரு பேருக்கு டெங்குன்னு சொன்ன பாரு, அதைக் கேட்ட அன்னிக்கே போன் போட்டு, என் வீடுகளுக்கெல்லாம் செய்ய வேண்டிய ஏற்பாட்டைச் செஞ்சிட்டேன்."

அவருக்கு மூன்று டவுன்ஷிப்பில் வாடகை வீடுகள். எதில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. அதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

"அதுக்காக, சங்கத்துக் கட்டடத்துல குடித்தனம் பண்ணுவியா? எடு பெட்டியை. டாக்டரம்மா, பாராட்டு லிஸ்ட்டுல இவ பேரை அடிச்சிடுங்க. நாளையிலேருந்து வேற ஆளைப் பாருங்க."

சமீனா கொசுவலை முடிச்சை அவிழ்க்கப் போனாள். வேலையும் போய் இந்தக் கட்டிலும் போனால் எங்கே போய்ப் படுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பர்மியப் பெண் வந்து நின்றாள். சமீனா முடிச்சை அப்படியே விட்டுவிட்டு, குழந்தையைக் கையில் வாங்கி தெர்மாமீட்டர் வைத்தாள். வேலை போனது அவளுக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

டாக்டர் கமலாட்சிக்குப் பொறுக்கவில்லை.

"சாவி கொடுத்தது நான்தான் சார். எங்க வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குறா. பாவம், குடியிருந்த ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பத்து நாளாச்சு."

"ஏன், என்ன தப்பு பண்ணினா?"

"இங்க வேலை பாக்குறதுதான் தப்பு. க்ளினிக்லேருந்து காய்ச்சலைக் கொண்டாந்து ஒட்ட வெச்சிடுவாளாம். டெங்கு கொசு கடிச்சுதான் வரும், பக்கத்துல நின்னா ஒட்டாதுன்னு தினமும் செய்தியோட கடைசியில சொல்லித்தான் முடிக்கிறா. யார் கடைசி வரைக்கும் கேக்குறாங்க?"

ஏணிக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ராஜரத்தினத்தின் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

"அதானே! செய்தியை முழுசா கேக்கக்கூடத் துப்பில்லாதவனெல்லாம் வீட்டுக்காரனா? யாரும்மா அவன்? பேரைச் சொல்லு!"

"தெரியாதுங்க ஐயா. நான் பார்த்ததே இல்லை. எல்லாம் புரோக்கர்தான்."

"போடு அந்தப் புரோக்கருக்கு போனை. ஸ்பீக்கர்ல போடு. எல்லாரும் கேக்கட்டும்."

"வேணாம் ஐயா. விட்டுடுங்க. நான் வேற எங்கயாவது பாத்துக்கறேன்."

"போடும்மா! நம்ம குடும்பத்துப் பொண்ணுக்கு நாம கேக்காம வேற யார் கேக்குறது?"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து பொன்னாடையை உருவி அவள் தோளில் போட்டார். பத்து மணி வரை காத்திருக்க அவருக்கு மனசில்லை. ஏணியில் இருந்தவர் அங்கிருந்தபடியே ஒரு போட்டோ எடுத்தார். பொன்னாடையோடு நின்ற சமீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்து நாளில் அவளுக்காகக் கோபப்பட்ட முதல் வெளியாள் இவர்தான்.

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான் புரோக்கர்.

"என்னம்மா சமீனா, மறுபடியுமா? அந்த இன்சீன் ரூம் கிடைக்காதும்மா. வீட்டுக்காரர் பிடிச்ச பிடியில நிக்கிறாரு. டெங்கு செய்தியைக் கேட்ட அன்னிக்கே அவரு..."

"எவன்யா அந்த வீட்டுக்காரன்?" ராஜரத்தினம் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி முழங்கினார். "பேரைச் சொல்லு! நான் சங்கத் தலைவர் ராஜரத்தினம் பேசுறேன்!"

மறுமுனையில் புரோக்கரின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"ஐயா, நீங்களா? அந்தப் பொண்ணு உங்ககிட்டயே வந்துடுச்சா? சத்தியமா உங்க பேரை நான் மூச்சு விடல ஐயா!"