பாறசாலையில் ஒரு ரோமாபுரி

"ஊர்வலத்துக்கு ஆள் கூடியாச்சு. நீரு எங்க ஓய், குடையும் தூக்கிட்டு எதிர்ப்பக்கம் போறீரு?"

பாறசாலை முக்கில், கொடியோடு நின்ற கனகதாஸ் மறித்துக் கேட்டார்.

ஞானசிகாமணி நிதானமாகக் குடையை விரித்தார். "இன்னைக்கு ஊரைச் சுத்திப் பாக்கணும்ணு தோணுது."

"ஊரு பாக்கவா? ஊர்வலத்துக்குத் தடை உண்டுண்ணு கேட்டதும் கால் நடுங்கிட்டாக்கும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சற்றுத் தள்ளி நின்ற போலீஸ்காரன் சதாசிவனும் சிரித்தான். மலையாள ராஜ்யத்தில் கிடந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழகத்தோடு சேர் என்று மேடை மேடையாக முழங்கிய மனுஷன், தடையை மீறுகிற நாளில் குடையோடு நழுவுகிறார். சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் சதாசிவனின் சிரிப்பு அந்த முக்கோடு முடிந்தது. இன்ஸ்பெக்டர் நேற்றே போட்ட உத்தரவு அப்படி. "அந்த ஆள் எங்கே போனாலும் கூடவே போ. கண்ணிலிருந்து தவறவிட்டாயோ, தொப்பியை என் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்."

ஞானசிகாமணி நடந்தார். சதாசிவனும் நடந்தான்.

"பின்னால ஏன் வாறீரு? பக்கத்துல வாரும். குடையில இடம் உண்டு."

யுத்தத்தில் இத்தாலி வரை போய் வந்தவர் ஞானசிகாமணி. ஒரு காது கிடைத்தால் போதும் அவருக்கு.

"ரோமாபுரியில எங்களுக்கு ஒரே ஒரு நாள் லீவு. சுபேதார் விடியக்காலமே நடத்த ஆரம்பிச்சாரு. எல்லாம் பாத்துத் தீராம சோறு கிடையாதுண்ணுட்டாரு. கோயிலு, அரண்மனை, பாலம், பிறகும் கோயிலு. கடைசியில ஒரு சிலையைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்."

"புண்ணியவாளன் சிலையா?"

"ஆரு கண்டா? அது உக்காந்துட்டு இருந்தது. அந்தக் கொடுப்பினைக்காகக் கும்பிட்டேன்."

சதாசிவன் சிரிக்கவில்லை. பூட்ஸ் கடிக்கத் தொடங்கியிருந்தது.

"வட்டமா ஒரு பெரிய கட்டடம். பாதி இடிஞ்சு கிடக்கு."

"ஆரு இடிச்சா? கேசு எடுத்தாவளா?"

"நான் போகும்போதே இடிஞ்சுதான் கிடந்தது சாரே. என்னைப் பிடிக்காதேயும்."

தனுவச்சபுரம் போகும் வழியில் ஒரு குளம். ஞானசிகாமணி நின்று, குடையை நீட்டிக் காட்டினார். "அங்க ஒரு நீரூற்று உண்டு. தண்ணிக்குள்ள குதிரை நிக்கும். இதாக்கும் நம்ம நீரூற்று."

"இதுல எருமைதானே கிடக்கு!"

"அது கல்லுக் குதிரை. இது உசிருள்ள எருமை. எது ஒசத்தி, நீரே சொல்லும்."

உச்சி வெயிலில் அங்கிருந்து பொழியூர்ப் பக்கம் திரும்பினார். பாதி வழியில் சதாசிவன் பூட்ஸைக் கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டான். எதிரே வந்த மீன்காரி கூடையை இறக்காமலே நின்று பார்த்தாள்.

"இதுல போலீசு ஆரு, கள்ளன் ஆரு?"

சதாசிவன் தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தான்.

பொழியூரில் கடல் வந்தது. சதாசிவனுக்கு உயிரே திரும்பியது.

"சேட்டா, கடல். இனி வழி இல்லை!"

"ஓ, இல்லை. வந்த வழியே திரும்பி நடக்கணும்."

சதாசிவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் மலையாளம் பேசுகிறவன். கோபம் வந்தால் இரண்டும் வரும். இரண்டும் வந்தது. முடிவில் சொன்னான்: "பயந்து ஓடினது நீரு. கால் போனது எனக்கு. ஒரு நல்ல மனுஷன் செய்யிற காரியமா ஓய் இது?"

ஞானசிகாமணி, சூரியன் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்தார். அவனோடு மணலில் கொஞ்சநேரம் உட்கார்ந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு இருவரும் பாறசாலை வந்து சேர்ந்தார்கள். ரோட்டில் கிழிந்த கொடிகளும் ஜோடி பிரிந்த செருப்புகளும் கிடந்தன. ஞானசிகாமணி குடையை மடக்கி, "வாறேன் சாரே" என்று வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

கூட வேலை பார்க்கும் ரெத்தினதாஸ் ஓடி வந்தான்.

"எலே, நீ தப்பிச்சே! முன்வரிசை முழுக்கப் பொம்பளைங்க. அடிண்ணாரு இன்ஸ்பெக்டர். லத்தியை ஓங்காம நின்னவனுக்கெல்லாம் தொப்பி போச்சு. நாங்க கண்ணை மூடிட்டுக் காத்தை அடிச்சோம். ரெண்டு மூணு அடி காத்துல நிக்காம ஆளு மேலயும் பட்டுது."

சதாசிவன் நொண்டி நொண்டி வீடு போய்ச் சேர்ந்தான்.

"சத்யபாமே, கொஞ்சம் வெந்நீர் தா. கால் செத்துட்டு."

மனைவி எழுந்து வரவில்லை. அடுக்களையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் சருவம் நிறைய வெந்நீர். அதற்குள் அவளுடைய இரண்டு காலும். புழுதி கலங்கி நீர் சிவந்திருந்தது.

"நீ எங்க போனே?"

"ஊர்வலத்துக்கு. முன்வரிசை."

அவள் கால்களை ஓரமாக ஒதுக்கி இடம் விட்டாள். அவனும் எதிரே உட்கார்ந்து காலை உள்ளே விட்டான். சூடு ஏறியதும் நாக்கும் இளகியது.

"வேறே போலீசுக்காரன் யாருக்கும் இந்தக் கதி இல்லை. உங்க தலைவர் ஒரு கோழை, சத்யபாமே. ஊரே பாத்துச் சிரிச்சுது."

"சிரிக்கும்ணு அவருக்குத் தெரியும். 'நான் கொடி பிடிச்சா என் வீட்டுக்காரரே என்னை அடிக்கணும், இல்லேண்ணா தொப்பியைக் கொடுக்கணும்'ணு, உங்களை அவரு பின்னால காவல் போட்டிருக்கதையும் சொல்லி, நேத்து அவர்கிட்ட அழுதேன். 'கோழைண்ணு பேரு நான் வாங்கிக்கிறேன், கொடியை நீ பிடி மக்கா'ண்ணாரு."