இரண்டாவது சரணம்

"அம்மா, இந்தப் பாட்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எதற்கும் டெனிஷிலேயே பதில் சொல்கிற விக்ரோரியா, அன்று வியப்பில் தமிழிலேயே கேட்டுவிட்டாள். டென்மார்க்கில் ஜிம்னாசியம் எனப்படும் மேல்நிலைப் பள்ளியில் முதலாம் வருடம் படிக்கிறாள். பள்ளி முடிந்து காரில் ஏறியதும் கைப்பேசியில் ஒரு ஜப்பானியப் பாட்டைப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை விழாவில் அவளுடைய வகுப்பு பாடப்போகிற பாட்டு. யாரோ அதைப் புதிதாகப் பாடி இணையத்தில் போட, ஒரே மாதத்தில் எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் ஏறிவிட்டது. காரை ஓட்டிக்கொண்டிருந்த அம்மா ஒரு சொல் பிசகாமல் கூடவே பாடுவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

றொஷானிக்குச் சிரிப்பு வந்தது. "உன்ர வயசில நானும் சயந்தினியும் இதைத்தான் பாடிக்கொண்டு திரிஞ்சனாங்கள்."

சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. இக்காஸ்டிலிருந்து ஹேர்னிங்குக்குக் காலை ரயில். ஒரு சீடி பிளேயர், ஆளுக்கொரு காதில் இயர்போன். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் அவர்கள் இரண்டு பேர்தான். எங்கோ தேடி அந்தப் பாட்டைச் சீடியில் ஏற்றியவள் சயந்தினி. கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியவளும் அவள்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்து அதற்குத்தான் உதவியது. 'க' எங்கே அழுத்தமாக வரவேண்டுமோ அங்கே மேலே ஒரு சின்ன வட்டம் போட்டிருப்பாள். நூலகத்திலிருந்து ஜப்பானியப் புத்தகம் எடுத்து வைத்துக்கொண்டு, தான் அந்த மொழி படிப்பதாகவும் சொல்வாள். ஒவ்வொரு சரணத்துக்கும் அவள்தான் அர்த்தம் சொன்னாள்.

இரண்டாம் வருடப் பனிக்காலத்தில் றொஷானிக்குக் கணக்கு முற்றாகக் கைவிட்டுப் போனது. அம்மா வேலை செய்த தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் ஆள் தேவைப்பட்டது. படிப்பை நிறுத்துவதாகக் கடிதம் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளி முடிந்த ஒரு மாலையில் ரயில் மேடையில் சயந்தினியிடம் அதைச் சொன்னாள்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் சயந்தினியின் தாய் இறந்திருந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவள் அழுது றொஷானி பார்த்ததே இல்லை. அன்றும் அவள் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டாள். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. இயர்போனை றொஷானியின் காதில் வைத்து, இரண்டாவது சரணம் வந்ததும் அதன் அர்த்தத்தை மெதுவாகச் சொன்னாள்.

"பனி கொட்டுற நாளில ரயில் பிந்தித்தான் வரும். நீ வீட்டுக்குத் திரும்பிப் போயிடாத. என்ர பக்கத்தில உனக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

அந்த மேடையிலேயே றொஷானி கடிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

பிறகு அவள் மருத்துவமனைத் தாதியானாள். சயந்தினி பிரெடெரிசியாவில் கணக்கு ஆசிரியை. இப்போதெல்லாம் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். ஆனாலும் தாதிப் படிப்பில் திணறியபோதும், குறைமாதத்தில் பிறந்த விக்ரோரியா கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோதும் அந்தச் சரணத்தைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்ததாக றொஷானி மகளிடம் சொன்னாள்.

விக்ரோரியா பாட்டை நிறுத்தினாள்.

"அம்மா, அந்தப் பாட்டில ரயிலே இல்லை."

அவளுடைய வகுப்பில் ஜப்பானிலிருந்து வந்து ஒரு வருடம் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். விழாவுக்காக அவளோடு சேர்ந்திருந்து பாட்டு முழுவதையும் டெனிஷில் மொழிபெயர்த்து எழுதியிருந்தார்கள். விக்ரோரியா அதை எடுத்து வாசித்துக் காட்டினாள். இரண்டாவது சரணத்தில் ஒருவன் கடற்கரையில் நிற்கிறான். ஐஸ்பழம் உருகிக் கையில் வழிகிறது. ஒரு செருப்பைக் காணவில்லை. நாளைக்கு விடுமுறை முடிகிறது.

றொஷானி காரைச் சாலையோரத்துக் கடையொன்றின் முன்னால் நிறுத்தினாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள். அதே ஐஸ்பழம்தான். இருபத்திரண்டு வருடமாகத் தன்னைத் தாங்கிய வரிகள் பாட்டிலேயே இல்லை என்பதை அவளால் நம்ப முடியவில்லை. பிறகு சயந்தினிக்கு அழைத்தாள்.

திடீரென்று வந்த அழைப்பில் பதறிய சயந்தினி, எல்லோரும் சுகமா என்று இரண்டு தரம் கேட்டாள். றொஷானி நேரே விஷயத்துக்கு வந்தாள். மறுமுனையில் சின்னதாக ஒரு சிரிப்பு.

"எனக்கு ஜப்பான் பாஷையில ஒரு சொல்லும் தெரியாதடி. அந்தப் புத்தகத்தில நாலு பக்கம்கூடத் தாண்டேல்லை."

றொஷானிக்குக் கண் கலங்கியது. "அப்ப அண்டைக்கு எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னனியோ?"

"உனக்காகத்தான் சொன்னன். ஆனா அண்டைக்கு நான் ஸ்ரேசனுக்கு வந்தது உன்னட்டைக் கடைசியாப் பயணம் சொல்லிப் பிரியத்தான். அம்மா போன பிறகு எனக்கு ஒண்டும் ஏறேல்லை. பள்ளிக்கூடத்தை விடுறன் எண்டு காலமையே ஒபிசில கடிதம் குடுத்திட்டன்." சயந்தினியின் குரல் தாழ்ந்தது. "நீ உன்ரையைக் கிழிச்ச பிறகு நான் எப்பிடிப் போறது? அடுத்த நாள் விடியவே போய் என்ர கடிதத்தைத் திருப்பி வாங்கினன்."