தானாக இறங்கும் கப்பல்

“நாலு பேரும் போயிட்டாங்க,” என்றார் பல்செட்காரர், தலையில் கை வைத்தபடி. “ஒருத்தன்கூட மிஞ்சல.”

“போன வாரமும் நாலு பேர்தானே?” என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே. “எழுந்து வந்து சாப்பிடுங்க.”

“நாலு பேரைக் கொன்னவனுக்குச் சோறு ஒரு கேடா?”

செத்தவர்கள் நால்வரும் கம்ப்யூட்டருக்குள் கட்டைவிரல் உயரத்தில் இருந்த பொம்மை விண்வெளி வீரர்கள். விண்வெளிப் பயணத்தை அச்சு அசலாகக் காட்டும் ஒரு மென்பொருள் அது. அவரவர் கற்பனைக்கு ஏற்ற விண்கப்பலைத் தாங்களே செய்து ஓட்டிப் பார்க்கலாம். பகலெல்லாம் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர், வீடு திரும்பியதும் கப்பலை இழைக்க உட்கார்ந்துவிடுவார். கடைவாய்ப் பல்லைக் கடைந்த கைக்குக் கப்பலின் மூக்கும் முதுகும் தண்ணீர் பட்ட பாடு.

முரண்டு பிடித்தது கப்பலுக்குக் கட்டளை சொல்லும் ஸ்கிரிப்ட்தான். கப்பல் தானாகவே நிலாவில் இறங்க, எந்த உயரத்தில் எந்த எஞ்சினை எவ்வளவு எரிக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதி ஓடவிடுவார். அது நேரே போய்த் தரையில் மண்டையை உடைத்துக்கொள்ளும்.

அன்றைக்கு வீட்டில் இழவு விழுந்த மாதிரிதான். சாப்பிட மாட்டார், பேச மாட்டார், புரண்டு புரண்டு படுத்துப் பக்கத்தில் இருப்பவளையும் தூங்க விட மாட்டார். அவளோ விடிந்தால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போக வேண்டியவள்.

“ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சுக் கையாலயே இறக்கினா என்னங்க?”

“கையால யாரு வேணா இறக்கலாம். தானா இறங்கணும், அதுலதான் இருக்கு வித்தை!” என்று வயரில்லாத அந்தச் சாமானைச் சோபாப் பக்கம் தூக்கிப் போட்டார்.

வைராக்கியம் வீண்போகவில்லை. ஸ்கிரிப்டை மாற்றி எழுதி ஓடவிட்ட ஒரு சாயங்காலம், கப்பல் கடைசி நேரத்தில் ஒரு குலுங்கு குலுங்கி, நிமிர்ந்து, பூ விழுந்த மாதிரி நிலாவில் உட்கார்ந்தது. மறுநாளும் அப்படியே.

பல்செட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. கப்பலையும் ஸ்கிரிப்டையும், அந்த மென்பொருளை உருவாக்கி நடத்தும் ஆர்வலர்கள் சங்கத்தின் இணையதளத்தில் போட்டு, ‘கண்ணை மூடிக்கொண்டு இறக்கலாம்’ என்று மார்தட்டிக்கொண்டார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எடுத்து ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தர் வீட்டிலும் கப்பல் உருப்படியாக இறங்கவில்லை.

‘ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்’ என்று எல்லாருக்கும் ஒரே பதிலை எழுதிப் போட்டார் பல்செட்காரர். விஷயம் சங்கத் தலைவர் வரைக்கும் போனது. அவரை எல்லாரும் கமாண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நானே நேர்ல வந்து பாக்கறேன்,” என்றார் கமாண்டர் போனில். “இறங்கினா, மென்பொருளோட அடுத்த பதிப்புல உங்க கப்பல் உங்க பேரோட வரும். இறங்கலைன்னா புளுகுன்னு போட்டு உங்களைச் சங்கத்தை விட்டே தூக்கிடுவோம்.”

மறுநாள் சாயங்காலமே வந்து நின்றார். பொல்லாத மனுஷர். கீபோர்டையும் மவுஸையும் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு கையையும் தலைமேல வைங்க சார்.”

திருட்டில் பிடிபட்டவர் போல் பல்செட்காரர் கைகளைத் தூக்கிக்கொண்டார். பின்னால் சோபாவில் மனைவி கழுத்து வரைக்கும் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். கமாண்டரே பொத்தானைத் தட்டி ஸ்கிரிப்டை ஓடவிட்டார்.

கப்பல் சரிந்தது. நிலாத் தரை கிடுகிடுவென்று மேலே ஏறி வந்தது. பார்த்துக்கொண்டிருந்த கமாண்டருக்கே தொண்டை வறண்டுவிட்டது.

“கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா…”

“இருங்க, இறங்கட்டும்,” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வந்தவர் கேட்பதற்கு முன்பே தண்ணீரோடு நிற்கிறவள்! பல்செட்காரருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஆனால் திரும்பி முறைக்கவும் நேரமில்லை. கப்பல் ஒரு குலுங்கு குலுங்கி, நிமிர்ந்து, தூசி கூடக் கிளம்பாமல் உட்கார்ந்தது.

“இன்னொரு தடவை!” என்றார் கமாண்டர்.

இன்னொரு தடவையும் இறங்கியது. கமாண்டர் பாறையும் பள்ளமுமான இடமாகப் பார்த்துக் கப்பலை இறங்க விட்டார். அங்கேயும் இடுக்கில் நாசூக்காகக் கால் ஊன்றி நின்றது. அதற்குப் பிறகுதான் மனைவி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கமாண்டர் பல்செட்காரரைக் கட்டிக்கொண்டார். “தப்பு எங்க பேர்லதான் சார், மன்னிச்சிடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம சங்கத்து ஹால்ல, எல்லார் முன்னாடியும் இதே மாதிரி இறக்கிக் காட்டணும். குறை சொன்னவன் ஒருத்தனையும் விடாம கூப்பிடறேன். அவனுங்க மூஞ்சி போற போக்கை நான் பாக்கணும்!”

“அதுக்கென்ன? கண்ணைக் கட்டிக்கிட்டே காட்டறேன்,” என்றார் பல்செட்காரர். பெருமை தாங்காமல் மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவரைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, காதோடு காதாகக் கேட்டாள்:

“ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டியாச்சே… கப்பலை யாருங்க இறக்குவா?”