கிளட்சில் காற்று

"லிவரை அமுக்கலாம்" என்றேன், என்ஜினைப் பார்த்து.

மச்சான் அமுக்கினார்.

"அப்படியே பிடிக்கணும்."

பிடித்தார். அவரும் என்னைப் பார்க்கவில்லை. பெட்ரோல் டாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் மச்சானும் பேசிக்கொள்வதில்லை. என் அக்கா நாகஜோதியின் வீட்டுக்காரர் அவர், பெயர் பழனிக்குமார். தை மாதம் சாணார்பட்டியில் இந்தப் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். வாசலில் நின்று ஊரையே "வாங்க வாங்க" என்று கும்பிட்ட மனுஷன், நான் சீர்த்தட்டோடு போய் நின்றபோது தலையை மட்டும் ஆட்டினார்.

வா என்று ஒரு வார்த்தை இல்லை. தட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டு, பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் திண்டுக்கல்லுக்கு வண்டியைத் திருப்பிவிட்டேன்.

"அவன் என்ன விருந்தாளியா? வீட்டு ஆளை எவனாவது வாங்கன்னு கேப்பானா?" என்றாராம் அக்காவிடம்.

கேட்டால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? அவர் வாயால் கேட்கும்வரை அந்த வாசப்படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீறாப்பாகத்தான் சொன்னேன். சொன்னதிலிருந்து தூக்கம் போச்சு.

வருகிற வெள்ளிக்கிழமை அக்கா மகள் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்குத் தம்பி என்று இருப்பது நான் ஒருத்தன்தான். கம்மல்கூட வாங்கி வைத்துவிட்டேன். அந்தக் குட்டிக் காதை நினைத்தாலே கண் கலங்குகிறது. ஆனால் கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது?

காலையில் அக்கா போன் போட்டாள். "மச்சான் வண்டில கிளட்சே பிடிக்க மாட்டேங்குதுடா. செத்த வந்து பாரு."

வண்டிக்காகத்தான் வந்தேன். மேடு பள்ளத்தில் ஏற்றுவதற்கென்றே கோயம்புத்தூரில் பழசாக வாங்கிய வெளிநாட்டு மோட்டார் சைக்கிள், ஒட்டகம் உயரம் இருக்கும். சிறுமலை அடிவாரத்துக் கொய்யாத் தோட்டத்துக்கு மச்சான் இதில்தான் போவார். மற்ற வண்டிகளில் கிளட்சுக்குக் கேபிள் இருக்கும், இதில் ஆயில். உள்ளே காற்று புகுந்துவிட்டால் லிவர் தொளதொளவென்று ஆகிவிடும்.

நாகல் நகரில் பட்டறை வைத்திருக்கிற எனக்கு அந்தக் காற்றை எடுப்பது ஒரு வேலையே இல்லை. ஆனால் கூட ஒரு ஆள் வேண்டும். அவர் மேலே லிவரை அமுக்கிப் பிடிக்க, நான் கீழே என்ஜின் பக்கம் நிப்பிள் என்கிற குட்டித் திருகைத் திறந்து ஆயிலோடு காற்றை வெளியேற்றி மூடுவேன். மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். முந்தினால் போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும்.

அதற்காகத்தான் தெருவில் இப்படி நிற்கிறோம்.

"விடலாம்" என்றேன்.

விட்டார். ஆட்டிப் பார்த்தால், லிவர் அதே தொளதொளப்பு.

மறுபடி அமுக்கினார், பிடித்தார், விட்டார். நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழி குமிழியாக வந்ததுதான் மிச்சம். வெயில் மண்டையைப் பிளந்தது.

அக்கா டீயோடு வந்து வாசப்படிக்கு உள்பக்கம் வைத்துவிட்டு நின்றாள். எனக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தாள், கெட்டிக்காரி.

"இன்னுமாடா முடியல?"

"லிவர் பிடிக்கிற கை முந்துதுக்கா" என்றேன், என்ஜினைப் பார்த்தபடியே.

"ஏங்க, ஒரு லிவரைப் பிடிக்கத் துப்பில்லையா உங்களுக்கு? தோட்டத்துல அம்புட்டு அதிகாரம் பண்றீக!"

கொய்யா வாங்க வருகிற வியாபாரியிடம் அரை நாள் மல்லுக்கட்டுகிற மனுஷன், பெண்டாட்டி தெருவில் வைத்து ஏசியதை அப்படியே முழுங்கிக்கொண்டார்.

ஆயில் டப்பாவை லிவர் பக்கத்துக் கிண்ணத்தில் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டும் தீர்ந்துவிட்டது. இந்த ஆயில் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. இந்தத் தடவை சரியாக வரவில்லை என்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

"அமுக்கலாம்."

அமுக்கினார்.

"பிடிக்கணும்."

பிடித்தார். குமிழி வந்தது, பிறகு சுத்தமான ஆயில் வந்தது. ஸ்பேனரைத் திருப்பி இறுக்கினேன்.

"விடலாம்."

லிவர் கல் மாதிரி நின்றது. வேலை முடிந்துவிட்டது.

சாமான்களைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பையில் போட்டேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். இவ்வளவு நேரம் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நின்றும் அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லையே. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வண்டிப் பக்கம் நடந்தேன்.

"மாப்ள."

நின்றேன்.

"ஒவ்வொரு தடவையும் நிப்பிளை மூடாமலேதானே விடச் சொன்னீக? இப்பத்தான் மூடிட்டுச் சொல்றீக."

காதெல்லாம் சூடாகிவிட்டது. பட்டறைக்காரன் மானம் நடுத்தெருவில் போச்சு. வேறு என்ன செய்வேன்? வேலை இழுத்தால் எப்படியும் ஒரு வார்த்தை பேசிவிடுவார் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சுமா விட்டீங்க மச்சான்? அக்காட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு?"

அவர் லிவரைச் சும்மா ஒருதரம் அமுக்கிப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சா நீங்க கிளம்பிருவீகள்ல" என்றார். பிறகு டாங்கைப் பார்த்துக்கொண்டே, "வாங்க மாப்ள. உள்ள வாங்க" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் தை மாதத்திலிருந்து காத்துக்கிடந்தவன் நான், அவ்வளவு லேசில் விடுவேனா?

"சரியாக் கேக்கல மச்சான். தெருவுக்கே கேக்குற மாதிரி ஒருதரம் சொல்லுங்க."

சொன்னார். நான் படியேறுவதற்குள் எதிர்வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்து, "என்னையாப்பா கூப்பிட்ட?" என்றார்.