சுத்தமான வேலை

மரக்கிண்ணத்தைத் துணியால் கடைசியாக ஒருமுறை துடைத்து, அந்தப் பெண்ணிடம் நீட்டினார் கடைசல்காரர்.

"விரிசல் எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பார்க்கலாம்."

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய அப்பா கடைந்த கிண்ணம். விளிம்பில் புதிதாக விட்டிருந்த விரிசலை அடைக்கத்தான் போன வாரம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"அடியில பழசா ஒரு விரிசல் இருக்குமே?"

"அதையும் விட்டுவைக்கலம்மா. எந்தப் புண்ணியவானோ அடுப்புச் சாம்பலைப் பசையில குழைச்சு அப்பி வச்சிருந்தான். அடுத்தவன் அடைச்சதை நம்பி நான் வேலை பார்க்கிறதில்ல. மொத்தத்தையும் ஊசியால நோண்டி எடுத்துட்டு, அதே ஜாதி மரத்தூளை வச்சு அடைச்சுட்டேன்."

"நோண்டினதை என்ன செஞ்சீங்க?"

"அதை வச்சு என்னம்மா செய்யறது? காத்துக்குழாயைப் பிடிச்சு ஒரே ஊது. பொடியாப் பறந்துடுச்சு. அப்போதிலேருந்து தும்மிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"அதை அடைச்சது நான்தாங்க. அடுப்புச் சாம்பல் இல்ல. அப்பாவைத் தகனம் பண்ணின அன்னைக்கு ஒரு சிட்டிகை எடுத்து வச்சிருந்தேன். மிச்சத்தையெல்லாம் கடல்ல கரைச்சாச்சு."

கடைசல்காரர் சுற்றிலும் பார்த்தார். இயந்திரத்தின் மேல், அலமாரியில், ஜன்னல் கம்பியில் என்று பட்டறை முழுக்க எப்போதும்போல ஒரே தூசி. எது மரம், எது அவளுடைய அப்பா என்று யார் சொல்ல முடியும்? பழக்க தோஷத்தில் சட்டையைத் தட்டப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவருக்குத் தும்மல் வந்தது.